ராத்திரிக் குறிப்பேடு: சுயமரியாதையை நாள்கணக்காக எழுதிச் சேர்க்கும் வழி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதக் கடைசியில், ஏற்றுமதி பில் ஒன்றில் 412 பெட்டி என்று இருக்க வேண்டியது 421 என்று ஏறிவிட்டது. (வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்று சந்தேகப்பட வேண்டும். கணக்குக்காரர்களுக்கு இது பாலபாடம்.) பேக்கிங்கிலிருந்து வந்த சீட்டிலேயே தப்பு இருந்தது, நான் அதைப் பார்த்து எழுதினேன், அவ்வளவுதான். ஆனால் செக்கிங், அயர்ன் ஆட்கள் எல்லாரும் பார்க்க மேலாளர் என்னைப் பிடித்துக் கத்தினார். நான் சிரித்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, "சரிங்க சார், மாத்திடறனுங்க" என்றேன்.

அவர் கத்தியது ஒரு வாரத்தில் மறந்துபோனது. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. படுத்தால் எதிரில் வந்து நிற்கும். ஏன் சிரித்தேன்? யார் கேட்டார்கள் என்னை?

கம்பெனியில் தினமும் சாயங்காலம் கல்லாவை எண்ணி மூடுவோம். அன்றைய ரொக்கத்தை அன்றே மூடாவிட்டால், மறுநாள் நூறு ரூபாய் எங்கே குறைகிறது என்று தேடி மாளாது. மனசையும் அப்படி ராத்திரி எண்ணி மூடினால் என்ன என்று தோன்றியது. கணக்குப் பாடத்தில் நடவடிக்கைகளை முதலில் எழுதும் ஏட்டுக்குத் தமிழில் 'குறிப்பேடு' என்றே பெயர். அப்படி ஆரம்பித்த நோட்டு இது. இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது. எது உதவியது, எது வெட்டி வேலை என்று ஓரளவு தெரிந்திருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எதைச் சேர்க்கப்போகிறோம்?

தன்னம்பிக்கை வேறு, சுயமரியாதை வேறு. 'என்னால் முடியும்' என்பது தன்னம்பிக்கை. முடியாமல் போன நாளிலும் 'நான் மலிவான ஆள் இல்லை' என்று உள்ளே நிற்பது சுயமரியாதை. மேடையில் வெளுத்து வாங்குகிற ஆள் வீட்டில் தன்னைக் கண்டாலே பிடிக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரோஷமும் சுயமரியாதை இல்லை. நம்மூரில் இந்த இரண்டும்தான் அதிகம் குழம்பிப்போகிறது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காகப் பத்து வருடம் பேசாமல் இருப்பது ரோஷம். அதன் சாவி அடுத்தவர் கையில் இருக்கிறது. அவர் பெயரைப் போட்டால் வருகிறது, விட்டால் போகிறது. இந்த நோட்டை ரோஷக் கணக்காக எழுத ஆரம்பித்தால் மூன்றே மாதத்தில் சொந்தபந்தம் எல்லாரும் எதிரியாகத் தெரிவார்கள். என் முதல் நோட்டின் பாதி அப்படித்தான் வீணாயிற்று.

ஸ்டீஃபன் டார்வால் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1977-இல் மரியாதையை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, மனிதராக இருப்பதாலேயே கிடைக்க வேண்டியது. அதைச் சம்பாதிக்க வேண்டியதில்லை, யாரும் குறைக்கவும் உரிமை இல்லை. இன்னொன்று, நடந்துகொள்ளும் விதத்தால் ஒருவர் பெறுவது. தனக்குத் தானே தரும் மரியாதையிலும் இந்த இரண்டும் உண்டு. முதல் வகை தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கம் தன் பெயராகவே 'சுயமரியாதை'யை வைத்துக்கொண்டது. பிறப்பை வைத்து ஒரு மனிதனை இன்னொருவன் கீழே வைக்க முடியாது என்பதுதான் அங்கே பேச்சு. அந்த வகையில் சொன்னால், நான் சிரித்த அன்று எனக்குப் பிறப்பிலேயே உள்ளதை நானே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே நோட்டில் கேட்கும் கேள்விகளும் இரண்டு வகை. பிறப்பிலேயே உள்ளதை இன்று எங்கே விட்டுக்கொடுத்தேன் என்பது ஒன்று. நடத்தையால் இன்று என்ன சேர்த்தேன் என்பது இன்னொன்று. சேர்த்ததிலிருந்து ஆரம்பிப்பதுதான் சுலபம். விட்டுக்கொடுத்ததில் ஆரம்பித்தால் நாலாம் நாள் நோட்டை மூடிவிடுவீர்கள்.

நோட்டு, பேனா, நேரம்

புத்தாண்டுக்கு நகைக்கடையிலும் பாத்திரக்கடையிலும் கொடுக்கும் டைரி வேண்டாம். அதில் தேதி அச்சாகியிருக்கும். இரண்டு நாள் விட்டுப்போனால் காலிப் பக்கம் நம்மைப் பார்த்து முறைக்கும், மூன்றாம் நாள் திறக்கவே மனசு வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட எண்பது பக்க நோட்டு போதும். தேதியை நீங்களே போடுங்கள். விட்டுப்போன நாளைத் திரும்பப் போய் நிரப்பாதீர்கள்.

போனில் எழுதலாமா என்று கேட்பார்கள். நான் எழுதிப் பார்த்தேன். நாலாவது வரியில் ஒரு வாட்ஸ்அப் வரும், அப்புறம் எழுதியது எங்கே, நான் எங்கே. போன் ஒரு அறையில் சார்ஜில் இருக்கட்டும், நோட்டு இன்னொரு இடத்தில் இருக்கட்டும்.

நேரம்: சாப்பிட்டு, பாத்திரம் ஒதுக்கி, படுக்கப் போவதற்கு முன் ஒரு பத்து நிமிடம். படுக்கையில் உட்கார்ந்து எழுத வேண்டாம். நான் சமையலறை மேடையில் நின்றுகொண்டே எழுதுவேன், மறுநாள் தயிருக்குப் பால் ஆறும் நேரம். உறை ஊற்றினதும் நோட்டை மூடிவிடுவேன். இப்படி வேறொரு வேலையோடு கட்டிப்போட்டால் 'எழுத மறந்துட்டேன்' என்பது குறையும். அதைவிட, எழுத்து இழுத்துக்கொண்டே போகாது.

ஒற்றை அறை வீட்டில் நாலு பேர் இருக்கும்போது இதை எங்கே ஒளிப்பது? இது நியாயமான கேள்வி. யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் உண்மையை எழுத மாட்டீர்கள். ஆட்களுக்குப் பெயர் போடாமல் ஒரு எழுத்தோ எண்ணோ போடுங்கள். நான் ஆட்களுக்கு நூல் கவுண்ட்டை (நூலின் பருமனைச் சொல்லும் எண்) வைத்திருக்கிறேன்: மேலாளர் '40-ஆம் நம்பர்', அண்ணன் '30-ஆம் நம்பர்'. யார் எடுத்துப் பார்த்தாலும் நூல் கணக்கு என்று வைத்துவிடுவார்கள். வீட்டில் அதற்கும் வழியில்லை என்றால், எழுதி முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்து நனைத்துப் போட்டுவிடலாம். ஞாயிறு கூட்டல் (பின்னால் வருகிறது) அப்போது முடியாது. ஆனாலும் எழுதாமல் இருப்பதற்கு அது மேல்.

முதல் வாரம்: ஒரே கேள்வி

"இன்று எனக்கு நானே கொடுத்த வாக்கில் எதைக் காப்பாற்றினேன்?"

ஏழு நாளும் இது மட்டும்தான். பெரிய வாக்குகள் தேவையில்லை. மதியம் டீக்கு பதில் தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு குடித்திருந்தால் அது ஒரு வரி. அம்மாவுக்குப் போன் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு செய்திருந்தால் இன்னொரு வரி. மற்றவர்களுக்குக் கொடுத்த வாக்கை நாம் எப்படியாவது காப்பாற்றிவிடுகிறோம். பார்ட்டிக்கு வெள்ளிக்கிழமை சரக்கு அனுப்புகிறேன் என்றால் ராத்திரி முழுக்க மெஷின் ஓடும். 'ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரிடம் போகிறேன்' என்று தனக்குத் தானே சொன்னது மட்டும் எட்டு மாதமாகத் தள்ளிப்போகும். சொன்னபடி நடக்காத ஆளை வெளியில் எப்படி மதிக்க மாட்டோமோ, அப்படியே உள்ளேயும் ஒரு ஆள் நம்மை மதிக்காமல் போய்விடுகிறார்.

எழுதும் முறைக்கு ஒரே சட்டம்தான்: வவுச்சர் (ஆதாரச் சீட்டு) இல்லாமல் என்ட்ரி இல்லை. அதாவது நடந்ததை மட்டும் எழுத வேண்டும், தீர்ப்பு எழுதக் கூடாது. 'இன்று சோம்பேறித்தனமாக இருந்தேன்' என்பதற்கு வவுச்சர் கிடையாது. 'ஐந்தரைக்கு அலாரம் அடித்தது, ஏழு பத்துக்கு எழுந்தேன், நடக்கப் போகவில்லை' என்பதற்கு உண்டு. நல்லதற்கும் இதே சட்டம். 'இன்று தைரியமாக இருந்தேன்' என்பதை அடித்துவிட்டு, 'டையிங் (சாயப்பட்டறை) பில்லில் 1,840 ரூபாய் அதிகம் போட்டிருந்ததைப் போனில் கேட்டேன், குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டேன்' என்று எழுதுங்கள். இரண்டாவதை ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் நம்ப முடியும்.

'நான் சிறந்தவன், நான் வலிமையானவள்' என்று தினமும் பத்து முறை எழுதச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை, எனக்கு மட்டும் இல்லை. கனடாவில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 'நான் நேசிக்கத்தக்க ஆள்' என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அது லேசாக உதவியது. யாருக்கு உதவி தேவையோ அவர்களுக்கு, அதாவது தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு, மனநிலை இன்னும் கீழே போனது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பேங்கில் இல்லாத பணத்தை ஏட்டில் வரவு வைத்தால் தணிக்கைக்காரர் முன்னால் எப்படி இருக்கும்? அந்தத் தணிக்கைக்காரர் நம் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்றுமே காப்பாற்றாத நாள் வரும். அன்று 'இன்று வரவு இல்லை' என்று எழுதிக் கீழே கோடு போட்டு மூடுங்கள். அப்படி எழுதினதே ஒரு வாக்கைக் காப்பாற்றியதுதான் என்று பிற்பாடுதான் புரிந்தது.

இரண்டாவது வாரம்: "எங்கே 'சரி' என்றேன், உள்ளே 'வேண்டாம்' என்று இருந்தது?"

என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியும் இந்த ஒரு கேள்விக்காகத்தான். முதல் கேள்வி ஆளை உட்கார வைப்பதற்கு. இது எழுப்பி நிறுத்துவதற்கு.

என் நோட்டிலிருந்து ஒரு ராத்திரி, எழுதியபடியே:

'வியாழன். 30-ஆம் நம்பர் போன். ஞாயிறு கார் எடுத்துக்கிட்டு பல்லடம் வரணுமாம், மச்சினன் வீடு பார்க்க. சரி என்றேன். ஞாயிறு பாப்பாவுக்கு நீச்சல் என்று சொல்லியிருந்தேன். அதைச் சொல்லவே இல்லை. போன் வைத்ததும் பாப்பா முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தேன்.'

இவ்வளவுதான். ஐந்தாறு சின்ன வாக்கியம். அண்ணன் கெட்டவர் இல்லை. கேட்டார், நான் சரி என்றேன். முதல் தடவை இதை எழுதும்போது அண்ணன் எப்போதும் இப்படித்தான், 2011-இல் கூட இப்படித்தான் என்று ஒரு பக்கம் போயிருந்தது. அதைப் படித்துப் பார்த்தால் அதில் நான் எங்குமே இல்லை. அதனால் ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்: அடுத்தவர் செய்ததற்கு ஒரு வரி, நான் செய்ததற்கு இரண்டு வரி, நான் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியத்துக்கு ஒரு வரி. கடைசி வரியைப் பேச்சுத் தமிழில், வாயில் வருகிற மாதிரியே எழுத வேண்டும். 'என் எல்லைகளை நான் மதிக்க வேண்டும்' என்று எழுதினால் அண்ணனிடம் அதை எப்படிப் போய்ச் சொல்வது? 'அண்ணா, ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு நீச்சல் இருக்குதுங்க, சனிக்கெழம வேணும்னா வர்றனுங்க' என்று எழுதினேன். அடுத்த முறை கிட்டத்தட்ட இதே வாக்கியம் வாயில் வந்தது. அண்ணன் "சரி, சனிக்கிழமையே போலாம்" என்றார். நான் பயந்தது அந்த ஒரு 'சரி'க்குத்தான்.

எல்லா 'சரி'யும் சுயமரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எரிச்சலோடு சரி சொன்னதுண்டு. எரிச்சல் எரிச்சல்தான், ஆனால் போக வேண்டியதுதான். வித்தியாசம் கண்டுபிடிக்க இன்னொரு சின்னக் கேள்வி சேர்த்துக்கொள்வேன்: "பயத்தால் சொன்னேனா, பிரியத்தால் சொன்னேனா?" பிரியம் என்றால் ஒரு டிக். பயம் என்றால் யாரைப் பார்த்து, எதற்கு என்று அரை வரி.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் அடி உதை வாங்கும் நிலையில் இருப்பவர்கள், மிரட்டலுக்கு நடுவில் வாழ்பவர்கள், இந்தக் கேள்வியைத் தங்களிடம் கேட்கவே கூடாது. அங்கே 'சரி' என்பது உயிரைக் காப்பாற்றும் வார்த்தையாக இருக்கலாம், அதில் குறை காண ஒன்றும் இல்லை. தேதியும் நடந்ததும் மட்டும் எழுதி, பாதுகாப்பான ஆளிடம் கொடுத்து வையுங்கள். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது.

உங்களை என்னவென்று கூப்பிடுவீர்கள்?

இரண்டாம் மாதம் போல ஒன்றைக் கவனித்தேன். நோட்டில் என்னைத் திட்டும் இடத்தில் எல்லாம் 'டேய்' என்று எழுதியிருந்தேன். 'டேய் லூசு, வாயைத் திறக்க வேண்டியதுதானே.' நாற்பது வயது ஆளை வேறு யாராவது இப்படிக் கூப்பிட்டால் சும்மா இருப்பேனா?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஈத்தன் க்ராஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதோடு ஒட்டியது. பதற்றமான வேலைக்கு முன்னால் தனக்குள் பேசிக்கொள்ளும்போது, 'நான்' என்று பேசாமல் தன் பெயரையோ 'நீ' என்பதையோ சொல்லிப் பேசியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, பேச்சும் நன்றாக வந்தது. பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு யோசனை சொல்வது போல ஒரு தள்ளி நிற்றல் வந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்களு'ம் ஒரே சொல். தமிழில் அப்படி இல்லை. எந்த முன்னிலை என்று முடிவு செய்தாக வேண்டும், அந்த முடிவிலேயே பாதி மரியாதை அடங்கிவிடுகிறது.

நான் 'நீங்கள்' போட்டுப் பார்த்தேன். நோட்டீஸ் மாதிரி இருந்தது, சிரிப்புதான் வந்தது. அப்புறம் எங்கள் அம்மிச்சி ஞாபகம் வந்தது. கொங்குப் பக்கம் பாட்டிகள் மூன்று வயதுக் குழந்தையையும் "வாங்க சாமி, சாப்டீங்களா கண்ணு" என்றுதான் கேட்பார்கள். தப்பு செய்தாலும், "ஏஞ்சாமி இப்புடிப் பண்ணுனீங்க?" அதில் கண்டிப்பு இருக்கும், ஆனால் ஆளைக் கீழே போடாது. அன்றிலிருந்து திட்ட வேண்டியது எதுவாக இருந்தாலும் அம்மிச்சி குரலில்தான் எழுதுகிறேன். மேலாளர் விஷயத்தைப் பழைய பக்கத்திலிருந்து எடுத்து மறுபடி எழுதினேன்: 'ஏஞ்சாமி, பயந்துக்கிட்டீங்களா? எல்லாரும் பார்த்தாங்கன்னு கூச்சமா இருந்துச்சா? சிரிச்சது தப்பில்லைங்க. அடுத்த தடவை பேக்கிங் சீட்டை எடுத்துக் காட்டுங்க, போதும்.' எழுதும்போது கண் கலங்கிவிட்டது. அந்தச் சிரிப்பு ராத்திரி வந்து நிற்பது அதோடு நின்றது என்று சொன்னால் மிகையாகத் தெரியும். குறைந்தது.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், கண்டித்தாலும் மரியாதை குறையாமல் பேசிய ஒருவர் இருந்திருப்பார். பெரியம்மா, வாத்தியார், டெய்லர் கடை அண்ணன், யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அவர் கூப்பிட்ட சொல்லை நோட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி யாருமே இல்லை என்றால், உங்கள் பிள்ளையின் சிநேகிதனிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படி.

மூன்றாவது வாரம்: நாமே தப்பு செய்த நாள்

இதுவரை நாம் பாதிக்கப்பட்ட பக்கம். சுயமரியாதை அதிகம் ஒழுகுவது இன்னொரு ஓட்டையில்: நாம் பொய் சொன்ன நாள், நம்மைவிட எளியவரிடம் எகிறிய நாள். மேலாளரிடம் சிரித்த அதே வாரம் நான் டீ கொண்டுவரும் பையனிடம், சர்க்கரை அதிகம் என்று கத்தியிருந்தேன். நோட்டில் இதை எழுத எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

கேள்வி: "இன்று யாருக்கு நான் பாக்கி?"

கணக்கு ஏட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. தப்பாக எழுதினதைச் சுரண்டக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பிழைத்திருத்தப் பதிவு என்று கீழே புதிதாக ஒரு பதிவு போட்டுச் சரிக்கட்ட வேண்டும். பழைய தப்பு ஏட்டில் அப்படியே இருக்கும், அதற்கு எதிரே திருத்தமும் இருக்கும். இங்கேயும் அதேதான். மூன்று வரி போதும்: என்ன செய்தேன், யாருக்குப் பட்டது, என்றைக்குள் எப்படித் தீர்க்கிறேன். தேதி முக்கியம். 'மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று எழுதி வைத்தால் அது தீபாவளி வரை அங்கேயே இருக்கும். 'சனிக்கிழமை காலை டீ வரும்போது' என்று எழுதினால் சனிக்கிழமை டம்ளரைக் கையில் வாங்கும்போதே ஞாபகம் வரும்.

"தம்பி, அன்னிக்குக் கத்திட்டேன், தப்புங்க" என்றேன். அவன், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா" என்று அடுத்த டேபிளுக்குப் போய்விட்டான். அவனுக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை போலிருக்கிறது. எனக்கு அன்று முழுக்க முதுகு நேராக இருந்தது.

தீர்த்ததும் அந்தப் பதிவுக்கு எதிரே 'தீர்ந்தது' என்று எழுதி விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்ப எடுத்துக் கிளறக் கூடாது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ரோமில் வாழ்ந்த தத்துவ அறிஞர் செனகா, விளக்கை அணைத்து மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாளை முழுக்கத் தனக்குத் தானே விசாரிப்பது தன் வழக்கம் என்று எழுதியிருக்கிறார். எதையும் மறைப்பதில்லை, ஆனால் விசாரணை முடிவில் இனி இதைச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன் என்று சொல்லிக்கொள்வாராம். நீரோ மன்னனுக்கு ஆசிரியராக இருந்தவருக்கு விசாரிக்க நிறைய இருந்திருக்கும்.

தீர்க்க முடியாத பாக்கிகளும் உண்டு. ஆள் இறந்திருக்கலாம், தொடர்பு விட்டுப்போயிருக்கலாம். அதை ஒரு தனிப் பக்கத்துக்கு மாற்றி, அந்த மாதிரியான வேறொருவருக்குச் செய்யக்கூடிய ஒன்றை எழுதுங்கள். எனக்கு அப்படி ஒன்று இருக்கிறது, இங்கே சொல்லப்போவதில்லை.

மூடும் வரி: நாளைக்கு ஒன்று

ஒவ்வொரு ராத்திரியும் கடைசி வரி நாளையைப் பற்றியதாக இருக்கட்டும். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் என்பவரும் உடனிருந்தவர்களும் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான ஆய்வு. படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப்பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப்பேர் இனி செய்ய வேண்டியதை எழுதினார்கள். இரண்டாவது கூட்டம் சராசரியாக ஒன்பது நிமிடம் சீக்கிரம் தூங்கியது. நம் நோட்டு முழுக்க முடிந்துபோனதாகவே இருந்தால் மண்டை ஓடிக்கொண்டே இருக்கும். நாளைக்கு ஒரு வரி எழுதினால் 'சரி, அது ஏட்டில் இருக்கிறது' என்று விட்டுவிடும்.

ஆனால் இந்த நோட்டில் ஒன்று மட்டும். அதுவும் நீங்கள் ஆசைப்படுவதில் பாதி அளவு. 'நாளை ஒரு மணி நேரம் நடை' என்று தோன்றினால் 'தெருமுனை வரை போய் வருவேன்' என்று எழுதுங்கள். இந்த வரிதான் மறுநாள் முதல் கேள்விக்கு விடையாக வந்து நிற்கப்போகிறது. வாக்கு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, காப்பாற்றப்பட வேண்டும். நான் ஒரு மாதம் முழுக்க 'காலையில் படுக்கையை மடித்து வைப்பேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வீட்டில் சந்தோஷப்பட்டார்கள்.

ஞாயிறு: கூட்டிப் பார்ப்பது

வாரத்துக்கு ஒருமுறை பகல் வெளிச்சத்தில் ஏழு நாளையும் படியுங்கள், பதினைந்து நிமிடம். புதிதாக எழுத வேண்டாம். எந்த ஆள், எந்த நேரம், எந்த இடம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள்.

மூன்றாவது மாதம் நான் கண்டுபிடித்தது: பயத்தால் சொன்ன 'சரி'களில் பாதிக்கு மேல் இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில், போனில். அந்த நேரத்துக்கு எனக்குத் தெம்பு இருப்பதில்லை, யார் என்ன கேட்டாலும் போனை வைத்தால் போதும் என்று சரி சொல்லிவிடுகிறேன். கோழைத்தனம் என்று எண்ணியிருந்தது பாதி களைப்புதான். அதற்கு மருந்து ஒரே வாக்கியம்: "யோசிச்சுட்டுக் காலையில சொல்றனுங்க." இதைச் சொல்ல ஆரம்பித்தபின் அந்த மாதிரி பதிவுகள் வாரத்துக்கு ஒன்று, சில வாரம் ஒன்றும் இல்லை. இதை எந்த ஒரு நாள் பக்கத்திலும் பார்த்திருக்க முடியாது. அடுக்கி வைத்தால்தான் தெரிகிறது.

நாள்கணக்கும் டைரியும் ஒரே கையில் இருப்பது நமக்குப் பழைய பழக்கம் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேவுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 வரை, சாகும் வரைக்கும், நாட்குறிப்பு எழுதினார். கப்பல், சரக்கு, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் தேதிவாரியாக இருக்கும். அவர் சுயமரியாதைக்காக எழுதவில்லை. ஆனால் வியாபாரிக்கு உள்ள அந்தத் தேதிப் பழக்கம் இருந்தால் எழுத்து தானாக நிற்கும் என்பதற்கு அவர் போதும்.

எப்போது நோட்டை மூட வேண்டும்

ஒரே விஷயம் நாலைந்து ராத்திரி தொடர்ந்து வந்து, ஒவ்வொரு முறையும் எழுதிய பிறகு இன்னும் கனமாக இருந்தால், அது நோட்டுக்குரிய விஷயம் இல்லை. ஆளிடம் பேச வேண்டிய விஷயம். பழைய பெரிய காயங்களை எழுதுவது தனி முறை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், அப்படி எழுதினார்கள். எழுதின கையோடு அவர்களுக்கு மனசு கனத்தது. பிந்தைய மாதங்களில் மருத்துவரைப் பார்க்கப் போவது குறைந்திருந்தது. கவனியுங்கள், நாலு நாள்தான். அதைத் தினமும் தூங்கப் போகும் முன் செய்ய வேண்டியதில்லை.

தூக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் போனால், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால், நோட்டு வேண்டாம், போனை எடுங்கள். இந்தியாவில் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

சாதாரண நாட்களிலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நிறுத்திவிடுவேன். அந்த வாரம் பால் ஆறும்வரை சும்மா நிற்பேன்.

நோட்டு தீர்ந்தால்

கம்பெனிக் கணக்கு ஏடுகளை எட்டு நிதியாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. இந்த நோட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சிலர் போகிக்குக் கொளுத்துவதாகச் சொன்னார்கள். எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் எதையும் கொளுத்தக் கூடாது, அதனால் நான் வாளியில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் கூழாக்கிவிடுவேன். நாலு நோட்டை அப்படிப் போட்டாயிற்று. முதல் நோட்டை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் பாதி அண்ணனைத் திட்டியது; அவர் வீட்டுக்கு வந்தால் அதைப் பீரோவில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கிறேன்.